கிட்டமும் பீங்கானும்: மாத்தளைக் கனிமங்களும் ஆபிரிக்க மங்கனீசும்

சீகிரியாக் குன்றிலிருந்து அதிக தூரமில்லாத அலகொலவெவ என்னும் கிராமத்தருகே, கிரி ஓயாவின் பக்கமாக, தெஹிகஹ-அல-கந்த என்று ஊரார் வழங்கும் ஒரு மேட்டு நிலம் உண்டு. அங்கே நடப்பவன் காலில் இடறுபவற்றுள் பல, பார்வைக்குக் கற்களேயாயினும், கையில் எடுத்தால் கல்லுக்குரிய கனத்தை மிஞ்சிக் கனப்பவை. ஒரு பக்கம் பாகு வழிந்து உறைந்தாற்போன்ற மழமழப்பும் மறுபக்கம் தேனடைபோலத் துளைகளுமாகக் கிடக்கும் அவை இரும்புக்கிட்டம். சிங்களத்தில் யபொர என்பார்கள். 1980-களின் பிற்பகுதியில் சீகிரியா–தம்புள்ளைப் பிரதேசத்துப் பழங்குடியிருப்புகளை ஆராய முற்பட்ட பேராசிரியர் சேனக பண்டாரநாயக்க முதலிய இலங்கை அறிஞர்களும் அவர்களோடு இணைந்த சுவீடன் தேசத்துத் தொல்லியலாளர்களும் இவ்விடத்தை அகழ்ந்தபோது, காசியப்பன் 5 ஆம் நூற்றாண்டில் குன்றின்மேல் மாளிகை எழுப்புவதற்கு வெகு முன்பாகவே, இங்கே உலை வரிசைகள் இருந்ததும், ஒரு கிராமத்துக் கொல்லனின் தேவைக்கு எத்தனையோ மடங்கு மேலான அளவில் இரும்பு உருக்கப்பட்டதும் வெளிப்பட்டன.

உலையின் இயக்கம் கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. களிமண்ணால் எழுப்பிய சுவருக்குள் மரக்கரியும் கனிமண்ணும் மாறி மாறி இடப்பட, துருத்தியின் காற்று அடியிலிருந்து ஏற, கனிமண்ணிலிருந்த பிராணவாயுவைக் கரி பறித்துக்கொள்ள, மண்ணும் மணலுமான அசுத்தங்கள் உருகிக் கிட்டமாய் வழிந்தோட, இரும்பு மட்டும் உருகாமலேயே பஞ்சுபோன்ற ஒரு திரளாய் அடியில் தங்கும். அதைச் சூடாறுமுன் வெளியே இழுத்துச் சம்மட்டியால் அடித்து, எஞ்சிய கிட்டத்தையும் பிழிந்தெடுத்த பின்னரே அது கொழுவாகவோ கோடரியாகவோ ஆகும் தகுதி பெறும். காற்று கூடினாலும் குறைந்தாலும், கரி ஈரமானாலும், கனிமண் நன்றாக நொறுக்கப்படாவிட்டாலும் ஒரு நாள் முழுதும் பட்ட பாடு வீண். இந்த நுணுக்கத்தை எழுத்தில் படியாது கைப்பழக்கத்தாலேயே அறிந்திருந்த ஒரு ஜனக்கூட்டம் இன்றைய மாத்தளை மாவட்டத்தின் எல்லைக்குள் வாழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் தொடக்கம். நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்தருகிலேயே உருக்கிப் பொருளாக்கிய அந்த நிலையிலிருந்து, எடுத்ததை எடுத்தபடியே படங்கு போர்த்திய லொறியில் ஏற்றி அனுப்பும் நிலைக்கு நாம் எவ்வாறு வந்தோம், அதிலிருந்து மீள வழி உண்டா, உண்டெனில் அதற்கு என்ன விலை என்பதே நான் ஆராய விரும்பும் விஷயம். இக்கேள்வி மாத்தளைக்கு மாத்திரம் உரியதன்று. உலகத்து எஃகு முழுவதற்கும் இன்றியமையாத மங்கனீசைத் தோண்டிக்கொடுக்கும் ஆபிரிக்க தேசங்கள் இதே கேள்வியை நம்மிலும் பன்மடங்கு பெரிய அளவில் எதிர்நோக்கியிருப்பதால், அவற்றின் அனுபவத்தை அருகில் வைத்துப் பார்ப்பது நமக்கு வெளிச்சம் தரும்.

இலங்கையின் கனிமங்களை முறைப்படி ஆராயும் பணி 1903-இல் தொடங்கியது. அதன் முதல் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி. நடராஜ தத்துவத்தை மேலைத் தேசத்தாருக்கு எடுத்துரைத்த கலைஞானியாகவே அவரை நாம் அறிவோமாயினும், கல்லைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலோடுதான் அவர் இத்தீவின் கிராமங்களுக்குள் முதலில் புகுந்தார். தோரியனைட் என்னும் கனிமத்தை உலகுக்கு அறிவித்ததும் அந்நாளிலேயே. ஆனால் கல்லைத் தேடிப் போனவரின் கண்ணில் கல்லைவிட அதிகமாய்ப் பட்டவர்கள் கம்மாளரும் நெசவாளரும் சித்திரக்காரரும். பலாங்கொடைப் பக்கத்தில் அப்போது எஞ்சியிருந்த இரும்புருக்கும் முறையை நேரில் கண்டு பதிவு செய்தவர் அவர். அவர் கண்டது ஓர் அந்திமக் காட்சி. பிரித்தானியக் கப்பல்களில் வந்திறங்கிய மலிவான இரும்பின் முன்னே நாட்டுலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒவ்வொன்றாய் அவிந்துவிட்டிருந்தன. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880-இல் ரயில் வந்தபோது, அதன் தண்டவாளத்துக்கு வேண்டிய எஃகில் ஓர் அங்குலத்தைக்கூட இப்பிரதேசம் செய்து கொடுக்க இயலாதிருந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தை மறக்க ஒரு நூற்றாண்டுகூடத் தேவைப்படவில்லை.

மண்ணின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாத்தளையின் பெரும்பகுதி, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து நெரிந்து உருமாறிய பாறைகளின்மேல் அமைந்தது. அக்காலத்தில் இத்தீவும் தென்னிந்தியாவும் மடகஸ்காரும் கிழக்காபிரிக்காவும் ஒரே நிலத்துண்டாய் இருந்தன என்று நிபுணர் கூறுவர். தான்சானியாவிலும் மடகஸ்காரிலும் நம்முடையவை போன்ற மாணிக்கக் கற்கள் கிடைப்பதற்கும் அதுவே காரணம். இப்பாறைகளிடையே பெல்ஸ்பார், படிகக்கல், மைக்கா, டொலமைட், மாணிக்கக் கற்கள் ஆகியவை மாவட்டத்தின் வெவ்வேறு மூலைகளில் கிடைக்கின்றன. மைக்காவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மின்சாரக் கருவிகளில் காப்பிடுவதற்காகச் சிறிய குழிகளிலிருந்து எடுத்து ஏற்றுமதி செய்யப்பட்டது, அவ்வளவே.

டொலமைட் நம் மலையகத் தோட்டத்து மக்களுக்குப் பழக்கமான பொருள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில், வெட்டுண்ட கிளைகளின் நடுவே, வெள்ளைத் தூளை வீசிக்கொண்டு நடக்கும் வரிசையைக் காணாதவர் அங்கே இருக்க முடியாது. தேயிலைக்கு இடும் உரங்களால் மிகுந்த மண்ணின் புளிப்பைத் தணிக்கவும், செடிக்கு வேண்டிய மகனீசியத்தைக் கொடுக்கவுமே அந்தத் தூள். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவிக்க வேண்டும். மகனீசியம் வேறு, மங்கனீசு வேறு. இரண்டின் பெயரும் கிரேக்க தேசத்து மக்னீசியா என்னும் ஒரே பிரதேசத்துப் பெயரிலிருந்து பிறந்தவையாதலால் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள்; அச்சுக்கோப்பவர்கள் ஒன்றை மற்றொன்றாக்கி விடுவது சர்வசாதாரணம். மகனீசியம் நம் டொலமைட்டில் இருக்கிறது. மங்கனீசுக்கோ மாத்தளையில் சுரங்கம் இல்லை. ஆயினும் அது நம் வீடுகளுக்கு அந்நியமன்று: மழைக்காலத்தில் கிணற்று நீரைச் சுத்தி செய்யவும், புண் கழுவவும், கீரையை அலசவும் வைத்திருக்கும் ஊதா நிறக் கொண்டீஸ் தூள் மங்கனீசின் உப்பு, ரேடியோவுக்கும் டோர்ச் விளக்குக்கும் போடும் உலர் பற்றரியை உடைத்தால் விரலில் ஒட்டும் கரிய பொடியும் அதுவே.

ஆனால் இவை சில்லறை உபயோகங்கள். தோண்டப்படும் மங்கனீசில் பத்தில் ஒன்பது பங்கு எஃகுக்கே போகிறது. உருகிய எஃகிலிருந்து கந்தகத்தின் கேட்டையும் பிராணவாயுவின் கேட்டையும் நீக்குவது மங்கனீசின் வேலை. அது இல்லையேல் எஃகு சூட்டில் அடிக்கும்போதே பிளந்துவிடும். 1882-இல் ராபர்ட் ஹாட்பீல்ட் என்னும் ஆங்கிலேயர், பன்னிரண்டு பதின்மூன்று வீதம் மங்கனீசு கலந்த எஃகு அடிக்க அடிக்க இறுகும் விசித்திரத்தைக் கண்டார். ரயில் பாதைகள் பிரியும் இடத்துக் குறுக்குத் தண்டவாளங்களுக்கும் கல் நொறுக்கும் இயந்திரங்களின் தாடைகளுக்கும் அதுவே உகந்ததாயிற்று. இவ்வளவு தூரம் நவீன நாகரிகத்தின் எலும்புக்குள் புகுந்துவிட்ட இவ்வுலோகம், எரிபொருளைப்போலவோ தங்கத்தைப்போலவோ பத்திரிகைகளில் அடிபடாமலிருப்பது ஆச்சரியமே.

அதைக் கொடுப்பது யார்? உலகின் நிலத்திலுள்ள மங்கனீசு வளத்தில் முக்கால் பங்கு அளவுக்குத் தென்னாபிரிக்காவின் வட கேப் மாகாணத்து கலஹாரிப் பாலையின் அடியில் இருக்கிறது. அங்குள்ள சுரங்க ஊரின் பெயர் ஹொட்டசெல். ‘நரகம்போல் சூடு’ என்னும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தெழுதி உண்டான பெயர் அது, வெயிலை அனுபவித்தவர்கள் வைத்த பெயர். கபோன் தேசத்தின் மொஆண்டாவில், பீடபூமியின் மேற்பரப்புக்குச் சில மீட்டர் கீழேயே, உயர்ந்த தரத்துக் கனிமண் கிடக்கிறது. கானாவின் நுசூட்டாவில் 1914-இல் ஆல்பர்ட் கிட்சன் மங்கனீசைக் கண்டார். 1916-இல், ஐரோப்பிய யுத்தத்தின் நடுவே, பீரங்கி எஃகுக்காக ஏற்றுமதி ஆரம்பமாயிற்று. குமாரசுவாமி இங்கே செய்த வேலையைப் போன்றதே கிட்சன் அங்கே செய்தது. இருவரும் ஒரே சாம்ராஜ்யத்தின் கனிமக் கணக்கெடுப்பாளர்கள். ஒருவருடைய கணக்கெடுப்பிலிருந்து ஒரு நூற்றாண்டுச் சுரங்கம் பிறந்தது. மற்றவருடையதிலிருந்து ஒரு கலைச் சரித்திரம் பிறந்தது. எது நற்பேறு என்று தீர்ப்பது கடினம்.

மொஆண்டாவின் கதை விரிவாகச் சொல்லத் தக்கது. கொமிலொக் என்னும் கம்பெனி 1953-இல் நிறுவப்பட்டு, 1962-இல் கனிமண் வெளியேறத் தொடங்கியபோது, காட்டின் நடுவிலிருந்த அச்சுரங்கத்துக்குக் கடற்கரையோடு பாதை இல்லை. ஆகவே மரங்களின் தலைக்குமேல் 76 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவடம் இழுத்து, தொங்கும் தொட்டிகளில் கனிமண்ணை அண்டை நாடான கொங்கோவின் எல்லையிலுள்ள ம்பிண்டாவுக்குக் கடத்தி, அங்கிருந்து ரயிலில் புவாந்த்-நுவார் துறைமுகத்துக்கு அனுப்பினர். கடல்வரை ஒரு ரயில் பாதை கபோனின் சொந்த மண்ணிலேயே முற்றுப்பெற்றது 1986-இல். அதாவது சுரங்கம் திறந்து இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின். மண்ணை வெளியே கொண்டுபோக இவ்வளவு சாமர்த்தியம் காட்டிய மூலதனம், மண்ணை உலோகமாக்கும் உலையை அவ்வூரில் வைக்க எடுத்துக்கொண்ட காலம் இன்னும் நீண்டது. மொஆண்டாவில் சிலிக்கோ-மங்கனீசு செய்யும் ஆலை எழுந்தது 2010-களின் நடுவில்தான். அதற்கு மின்சாரம் கொடுப்பது 2013-இல் இயங்கத் தொடங்கிய கிராண்ட் புபாரா நீர்மின் நிலையம். அதன் ஆற்றல் 160 மெகாவாட்.

பாதை அற்றுப்போனால் சுரங்கமும் அற்றுப்போகும் என்பதற்குக் கொங்கோ ஜனநாயகக் குடியரசின் கிசெங்கே சாட்சி. அங்கோலாவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு 1975-இல் பெங்குவேலா ரயில் பாதை துண்டிக்கப்பட்டதும், தோண்டி வைத்த கனிமண் கப்பலேற வழியின்றிக் குவியலாகவே நின்றுபோயிற்று. தென்னாபிரிக்காவிலோ பாதை உண்டு, துறைமுகம் உண்டு, உலைகளும் இருந்தன; அவற்றைத் தளர்த்தியது மின்சாரக் கட்டணம். மேயர்ட்டனில் நீண்ட காலம் எரிந்த பெரிய மங்கனீசு உலை 2020-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. மறுபுறம், அதே தேசத்து ம்பொம்பெலா நகரில், மின்பகுப்பு முறையால் மிகத் தூய மங்கனீசு உலோகம் செய்யும் ஆலை தொடர்ந்து இயங்குகிறது. சீனாவுக்கு வெளியே அத்தொழிலில் அதுவே முக்கியமானது.

சீனாவின் பெயர் வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆபிரிக்கக் கனிமண்ணின் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் அதுதான். கபோனின் செழுமையான மண்ணையும் கலஹாரியின் தரம் குறைந்த மண்ணையும் வேண்டிய விகிதத்தில் கலந்து உருக்குவதே அங்குள்ள உலைக்காரர்களின் வித்தை. ஒரே ஒரு சுரங்கத்தின் மண்ணை மட்டும் உடைய தேசத்துக்கு அந்தக் கலவை வசதி இல்லை. எனவே ‘சொந்த மண்ணை நாமே உருக்குவோம்’ என்னும் முழக்கம் காதுக்கு இனிதாயினும், உலைக்குக் கனிமண் ஒன்று மாத்திரம் போதாது. கற்கரி வேண்டும், மலிவான மின்சாரம் வேண்டும், கலவைக்கு வேறு மண் வேண்டும், கொள்வோன் வேண்டும். இந்தியாவைப் பாருங்கள். விசாகப்பட்டினத்துக்கு வடக்கே விஜயநகரம் பகுதியில் 1890-களில் மங்கனீசு தோண்டத் தொடங்கியபோது அது கச்சா மண்ணாகவே சீமைக்குப் போயிற்று. இன்று அதே இந்தியா கபோனிலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் மண்ணைத் தருவித்து, தன்னுடையதோடு சேர்த்து உருக்கி, சிலிக்கோ-மங்கனீசை உலகத்துக்கு விற்கிறது. இந்த மாற்றம் சட்டத்தால் வந்ததன்று. எஃகுத் தொழில் உள்நாட்டிலேயே வளர்ந்ததால் வந்தது. கபோன் எதிர்வழியைத் தேர்ந்திருக்கிறது: 2029 ஜனவரி 1 முதல் கச்சா மங்கனீசு ஏற்றுமதியைத் தடை செய்வதாக 2025 மே மாத இறுதியில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் அறிவித்தார். தடை முன்னே, உலை பின்னே. துணிவான முடிவு; ஆனால் 160 மெகாவாட்டை வைத்துக்கொண்டு அது நிறைவேறாது என்பது என் அபிப்பிராயம்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில் வரும் நாவுலப் பகுதி, நரம்புபோல் பாறையைப் பிளந்தோடும் தூய படிகக்கல்லுக்குப் பெயர்பெற்றது. சிங்களத்தில் திருவானா எனப்படும் இக்கல் பார்வைக்குச் சாதாரணமானது. பால் வெண்மையும் கண்ணாடித் தெளிவும் கலந்த கட்டிகள், உடைத்த விளிம்பு கையைக் கிழிக்கும். அதன் தூய்மையே அதன் செல்வம். கண்ணாடியும் பீங்கானும் அதனால் ஆகும். கரியோடு சேர்த்து மின் உலையில் உருக்கினால் சிலிக்கன் உலோகம் ஆகும். அதை மேலும் சுத்தி செய்தால் சூரிய ஒளித் தகடாகும், கணினிச் சில்லாகும். நாவுலக் கல்லுக்கும் கையிலுள்ள தொலைபேசிக்கும் நடுவே எத்தனை படிகள், ஒவ்வொரு படியிலும் எத்தனை மடங்கு விலை என்று மேடைகளில் கணக்குச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. மின்சாரக் கணக்கை மட்டும் எவரும் சொல்வதில்லை. ஒரு தொன் சிலிக்கன் உலோகத்துக்கு ஏறக்குறைய 12 மெகாவாட் மணி மின்சாரம் செலவாகும். மகாவலி நீரைப் பொல்கொல்லையிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவந்து 1976 முதல் மின்சாரம் உண்டாக்கும் நம் உக்குவளை நிலையத்தின் ஆற்றல் சுமார் 40 மெகாவாட். ஆண்டு முழுவதும் இரவு பகல் ஓயாது, கோடையிலும் நீர் குறையாது அது முழு மூச்சாய் இயங்கினாலும், அம்மின்சாரம் அனைத்தையும் உலைக்கே கொடுத்தாலும், முப்பதாயிரம் தொன்னை எட்ட முடியாது. அந்த நீரோ முதலில் வயலுக்கு உரியது. மின்சாரம் அதன் வழிப்பயன்.

இதில் ஒரு விநோதமான உறவு உண்டு. கபோனின் கிராண்ட் புபாரா அணையைக் கட்டிய சீனத்து சினோஹைட்ரோ கம்பெனியே அம்பன் கங்கைக்குக் குறுக்கே மொறகஹகந்த அணையையும் கட்டிற்று. அங்கே அணை மங்கனீசு உலைக்காக எழுந்தது; இங்கே அணை வடமத்திய மாகாணத்தின் குளங்களுக்காக எழுந்தது, மின்சாரம் வெறும் 25 மெகாவாட். அணைத் திட்டத்தின் பொருட்டு லக்கல மக்கள் தம் பழைய ஊரையும் கடைத்தெருவையும் விட்டு மேட்டுக்குப் பெயர்ந்தனர். நெல்லுக்காக இடம்பெயர்ந்ததை அவர்கள் ஒருவாறு ஏற்றுக்கொண்டார்கள். கல்லுக்காக இன்னொரு முறை பெயரச் சொன்னால் அவர்களுடைய மறுமொழி எவ்வாறிருக்கும் என்பதைத் திட்டம் தீட்டுவோர் யோசிக்க வேண்டும்.

மாத்தளையின் நற்சாட்சி படிகக்கல்லன்று, பெல்ஸ்பார். கைக்காவல, ஓவல பகுதியில் திறந்த குழியில் இது எடுக்கப்படுகிறது. படிகக்கல்லிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிது: வெயிலில் திருப்பினால் ஒரு தளம் முழுதும் ஒருசேரப் பளிச்சிடும், உடைத்தால் தாறுமாறாக உடையாமல் படிப்படியாக, செங்கோணத்தை ஒட்டிப் பிளக்கும். பீங்கானுக்கு வேண்டியவை மூன்று: உருவம் கொடுக்க வெண்களி, எலும்பாய் நிற்கப் படிகம், சூட்டில் உருகி இரண்டையும் ஒட்டிக் கண்ணாடித் தன்மை கொடுக்கப் பெல்ஸ்பார். ஐம்பதுகளில் தோன்றிய அரசாங்க மட்பாண்டக் கூட்டுத்தாபனம் ஓவலப் பெல்ஸ்பாரையும் தென் மாகாணத்து மீட்டியாகொட வெண்களியையும் கொண்டு இந்நாட்டுப் பீங்கான் தொழிலை நடத்திற்று. பிறகு 1972-இல் அக்கூட்டுத்தாபனமும் ஜப்பானின் நொரிட்டாக்கே நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து மாத்தளை வரக்காமுறையில் பீங்கான் தொழிற்சாலை ஒன்றை நிறுவின. அன்றுமுதல் இன்றுவரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, இச்சிறு மாவட்டத்தில் செய்த தட்டும் கோப்பையும் உலகத்துச் சாப்பாட்டு மேசைகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

இதை நான் நற்சாட்சி என்றது கண்மூடித்தனமான புகழ்ச்சியாக அன்று. பெயர் ஜப்பானுடையது, 1904-இல் நகோயாவில் பிறந்த ஒரு நிறுவனத்தின் கீர்த்தியின் நிழலில்தான் நம் கைவேலை சந்தையை அடைகிறது. ஆனாலும் வேறுபாட்டை அளந்து பாருங்கள். லொறியில் ஏற்றிய பெல்ஸ்பார்க் கட்டி, அதை உடைத்தவனின் ஒரு நாள் கூலியை மட்டும் ஊரில் விட்டுச் செல்கிறது. தட்டாக வெளியேறும் பெல்ஸ்பாரோ, வார்ப்பவர், விளிம்பு துடைப்பவர், மெருகு தோய்ப்பவர், சூளையின் சூட்டைக் கண்காணிப்பவர், பொற்கோடு இடுபவர், குறை பொறுக்குபவர் என்று பல கைகளைக் கடந்து, அக்கைகளில் ஒரு பழக்கத்தையும் விட்டுச் செல்கிறது. அலகொலவெவ உலைக்காரர்களுக்குப் பின் இம்மாவட்டத்தில் நெருப்பை ஆளும் வித்தை பெருந்தொழிலாகத் திரும்பி வந்த இடம் வரக்காமுறை என்றே நான் கருதுகிறேன். சிலிக்கன் உலையை ஒப்பிடுகையில் பீங்கான் சூளையின் பசி சிறிது. நம் சக்திக்கு அடங்கிய நெருப்பு அது. வெற்றியின் இரகசியமும் அங்கேதான் இருக்கிறது.

நெருப்பை ஆளும் அறிவு இல்லாமையால் வரும் நஷ்டத்துக்கு மாணிக்கக் கல்லைவிடச் சிறந்த உதாரணம் தேட வேண்டியதில்லை. மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களைத் தழுவிக் கிடக்கும் எலஹெரப் படுகையில், இல்லம என்று சிங்களத்தில் வழங்கும் பருக்கைப் படையைக் குழி தோண்டி எடுத்து, கூடையில் இட்டு ஓடும் நீரில் அரித்துக் கற்களைப் பொறுக்குவது பழைய தொழில். அவ்வாறு பொறுக்கும்போது, நீலக்கல்லின் இனமேயாயினும் பால்போல் மங்கி, புகை படிந்தாற்போல் தோன்றும் கற்கள் அகப்படும். கெவுட என்று அவற்றுக்குப் பெயர். நெடுங்காலம் அவை மதிப்பற்றவை. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மூட்டை மூட்டையாக, அற்ப விலைக்கு வாங்கிப் போயினர். அங்கே 1,500 பாகைக்கும் மேற்பட்ட சூட்டில் அவற்றை வேகவைத்தபோது, கல்லுக்குள் ஊசிகளாய் உறைந்திருந்த டைட்டேனியம் கரைந்து, இரும்போடு கூடி, ஆழ்ந்த நீலம் பிறந்தது. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே விஷயம் நம்மவருக்குத் தெரிய வந்தது. கல் நம்முடையது, சூளை சிறியது, மின்சாரச் செலவும் பெரிதன்று. அறிவு ஒன்றே குறை. இன்று இலங்கையிலேயே அச்சூளைகள் உண்டு, கைதேர்ந்தவர்களும் உண்டு. போன கற்கள் போனவையே.

தோண்டுவதும் உருக்குவதும் உடம்பைத் தின்னும் தொழில்கள் என்பதையும் மறைக்கலாகாது. மங்கனீசுத் தூசியை நெடுநாள் சுவாசித்தவர்களின் நடை தள்ளாடி, முகம் உணர்ச்சியற்று உறைந்து, பேச்சுக் குழறும் நோயை ஜோன் கூப்பர் ஸ்கொத்லாந்தில் 1837-லேயே விவரித்தார். 1955-இல் ரொடியே என்பவர் மொரோக்கோச் சுரங்கத் தொழிலாளரிடையே அதே நோயைக் கண்டு எழுதினார். நடுவே கழிந்த ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் அறிவு குறைவாயிருந்ததென்று சொல்ல முடியாது, அக்கறைதான் குறைவாயிருந்தது. நம் படிகக்கல்லின் தூசி மூளையைத் தாக்காது, நுரையீரலைத் தாக்கும். உலர்ந்த நிலையில் கல் நொறுக்கும் இடத்தில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நிற்பவனுக்கு அந்தத் துணி காவலாகாது. தண்ணீர் தெளித்து நொறுக்கினால் தூசி எழாது என்பது யாவரும் அறிந்த எளிய வழி. அகழ்ந்து கைவிட்ட குழிகளில் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகுவதும், மாணிக்கக் குழிகளை மூடாது விட்டு ஆற்றங்கரை சரிவதும் வேறு. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம், ஆராயவும் அகழவும் கொண்டுசெல்லவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் தனித்தனியே அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. பத்திரங்களுக்குக் குறைவில்லை. குழியை மூடியபின் வந்து பார்ப்பதற்கான கண்கள் போதுமா என்பதே ஐயம்.

இவ்வளவையும் பார்த்த பின் என் முடிவைச் சொல்கிறேன். கச்சாக் கல்லை அனுப்பவே கூடாது என்னும் கட்சியிலும் நான் இல்லை. எடுத்ததை விற்றுக் காசாக்குவதே புத்தி என்னும் கட்சியிலும் இல்லை. முதலாம் உலக யுத்தத்தின்போது, 1916-இல், இலங்கை 33,000 தொன்னுக்குமேல் காரீயத்தை (கிராபைட்டை) ஏற்றுமதி செய்தது. அவ்வளவு கொடுத்த நாட்டில் யுத்தம் முடிந்தபின் எஞ்சியவை பெரும்பாலும் கைவிட்ட குழிகளே. சிலிக்கன் உலையைப்பற்றி இப்போதைக்குக் கனவு காணாமல், படிகக்கல்லைத் தரம் பிரித்து, கழுவி, மாவாக அரைத்து அனுப்பும் அளவிலாவது நாவுலையில் வேலையை நிறுத்திக்கொள்வதும், பீங்கானையும் கல் வேகவைத்தலையும் பட்டை தீட்டுதலையும் போன்ற சிறு நெருப்புத் தொழில்களை மாத்தளைப் பிள்ளைகளுக்கு முறையாகக் கற்பிப்பதும் நமக்கு இயன்றவை. கபோன் தன் பெருநெருப்பைத் தேடிப் போகட்டும். அதன் அளவு வேறு, நம் அளவு வேறு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சீகிரியாவுக்கு அழைத்துச் சென்று, சித்திரங்களைக் காட்டி, சிங்கத்தின் பாதத்தருகே படம் பிடித்துத் திரும்புகிறீர்கள். அடுத்த முறை பஸ் வண்டியைச் சற்றே திருப்பி அலகொலவெவக்கும் போய் வாருங்கள். ஒரு கிட்டத் துண்டை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்துக் கனத்தை உணரச் செய்து, பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.